தோணிரேவில் தலையில்லாத குதிரைவீரன்!

"ஐயோ… பொணம்! பொணம்டா…!"

காலை மணி ஆறு பத்து.

பழவேற்காடு ஏரியின் நடுவிலிருந்து கிளம்பிய அந்த அலறலைக் கேட்டு, தோணிரேவு கிராமத்துக் கரையில் கருவாட்டுக்குக் காவல் இருந்த நாய்கூட எழுந்து நின்றது.

அலறியவன் வடிவேலு. நாற்பத்தாறு வயது. வலையில் பாம்பு வந்தால் வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்துவிட்டு பீடி பற்ற வைக்கிற ஆள்.

இப்போது படகுக்குள் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

வலைக்குள் ஒரு கால்!

முழங்கால் வரை கறுப்பு பூட்ஸ். பூட்ஸின் குதிகாலில் பித்தளையில் ஒரு முள் சக்கரம். அதற்கு மேலே நீலக் கோட்டு. வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள். காலருக்கு மேலே…

ஒன்றுமே இல்லை!

"மச்சான்… தல எங்கடா?"

"என்னிய கேட்டா? நானா எட்த்து வெச்சிக்கினு கீறேன்?" முரளிக்கும் பல் தந்தியடித்தது. அவன் வடிவேலுவின் மனைவிக்குத் தம்பி. "தொடாத மாமா. கரைக்குப் போயி போலீசுக்கு சொல்லுவோம்."

"போலீசு வந்தா பாடு பூடும்டா…!"

பாடு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கதையை அரை நிமிடம் நிறுத்துகிறேன். பிணம் எங்கேயும் ஓடிவிடாது.

ஏரியில் இறால் ஓடும் இடங்களை ஊர்க்காரர்கள் முறை போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. ஒரு சூரியன் மறைவில் உன் முறை ஆரம்பித்தால், மறுநாள் சூரியன் மறைவில் முடியும். நடுவில் வேறு எவனும் அந்தத் தண்ணீரில் துடுப்பை நனைக்கக்கூடாது. நனைத்தால் ஊரே கூடி அவனை நனைத்துவிடும்.

வடிவேலுவுக்கு வந்த முதல் முறையில் புயல். இரண்டாவதில் டைபாய்டு. மூன்றாவதில் வலை கிழிந்தது. மூன்று தடவையும் வெறும் படகோடு கரை ஏறினான். நான்காவது தடவையும் வெறும் படகென்றால் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்துவிடுவது என்று பஞ்சாயத்தில் முடிவாகியிருந்தது. பெயர் போனால் அவனுக்கும் பாடு இல்லை, அவன் பிள்ளைகளுக்கும் இல்லை.

இது நான்காவது தடவை!

நேற்று சூரியன் மறைந்ததிலிருந்தே அவன் முறைதான். ஆனால் இரவு முழுக்க வாடைக்காற்று. விடிந்த பிறகுதான் வலையை இறக்க முடிந்தது. இறக்கிய முதல் வலையில் இறாலுக்குப் பதில் இந்த மனிதன்.

ஊரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பாட்டுக்குள் பிணம் கிடந்தால் தீட்டு. அன்றைக்கு அங்கே வலை கிடையாது.

இன்று சூரியன் மறையும் நேரம் ஐந்து நாற்பது.

-----

காலை மணி ஒன்பது.

சப்-இன்ஸ்பெக்டர் திரௌபதி ஜீப்பிலிருந்து குதித்தாள். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். இதுவரை அவள் பார்த்த பெரிய கேஸ், ஒரு ஐஸ்பெட்டி திருட்டு. ஒரு கொலைக்காக அவள் எத்தனை நாள் ஏங்கினாள் என்பது அவளுக்கும் அவள் வேண்டிக்கொண்ட அம்மனுக்கும்தான் தெரியும்.

வலையோடு கயிறு கட்டி இழுத்து வரப்பட்ட உடல், மணலில் குப்புறக் கிடந்தது. பத்தடி தள்ளி ஊரே வட்டமாக நின்றது.

"யாரும் தொடலையே?"

"தொடுவோமா மேடம்?" என்றார் ஊர்த் தலைவர் பச்சைமுத்து. "தொட்டவன் வூட்டுக்கும் தீட்டு."

கான்ஸ்டபிள் ஆல்வின் ஆறடி தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

"இடுப்புல கத்தி, துப்பாக்கி எல்லாம் கட்டியிருக்கு மேடம். தலையை மட்டும் நீட்டா எடுத்திருக்கான். ப்ரொஃபஷனல்! வெளிநாட்டு கேங்கா இருக்கும்."

"எப்படிச் சொல்றே?"

"பூட்ஸைப் பாருங்க. நம்ம ஊர்ல யார் மேடம் இவ்ளோ பெரிய பூட்ஸ் போடறாங்க?"

திரௌபதியின் முகம் மலர்ந்தது. 'சர்வதேசக் கொலை!'

அப்போது அவளுடைய செல்போன் அடித்தது.

"மேடம், நான் காட்டூர்லேர்ந்து வீரராகவன் பேசறேன்! எங்க வீட்டுலேர்ந்து ஒரு ஆளைக் காணோம்!"

"பேரு?"

"தாமஸ் பிக்காட்."

திரௌபதி ஆல்வினைப் பார்த்துக் கண்ணடித்தாள். வெளிநாடு!

"என்ன வேலை?"

"சிப்பாய். குதிரைப்படை."

"வயசு?"

"இருநூத்தி எட்டு."

திரௌபதி செல்போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள்.

"யோவ்… காலங்காத்தாலயேவா?" போனை அணைத்தாள்.

வட்டத்தை விலக்கிக்கொண்டு வடிவேலு ஓடி வந்தான். பின்னாலேயே அவன் மனைவி ருக்கு.

"அம்மா… சீக்கிரம் இன்னா ஏதுன்னு பாத்து எட்த்துனு போயிடுங்கம்மா. எனக்கு பாடு கீது."

"ஒரு ஆள் செத்துக் கிடக்கான். உனக்கு இறால் முக்கியமா?"

"செத்தவன் செத்துட்டான்ம்மா. என் பேர எட்த்துட்டாங்கன்னா நான் உசுரோட கீறப்பவே செத்தவன்."

ருக்கு முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். காட்டூர்ப் பக்கம் தலையில் கூடையோடு இருபது வருடம் மீன் விற்ற பெண். கூவிக் கூவி விற்றுத்தான் பழக்கம். சத்தமில்லாமல் அழத் தெரியாமல் திண்டாடினாள்.

கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது.

"அழுது இன்னா ஆவப்போது தங்கச்சி? தீட்டுன்னா தீட்டுதான். கட்டுப்பாடுன்னு ஒண்ணு இல்ல?"

அது தனக்கோடி. நேற்று வரை அதே பாட்டில் முறை வைத்திருந்தவன். கூடை கூடையாக இறால் அள்ளியவன். ஊர்க் கட்டுப்பாட்டைப் பற்றி அவனைவிட அதிகமாகப் பேசுகிற ஆள் தோணிரேவில் கிடையாது.

-----

பகல் மணி ஒன்று.

போட்டோகிராபர் வந்து படம் எடுத்தார். மோப்ப நாய் வந்தது, கருவாட்டைப் பார்த்தது, வந்த வேலையை மறந்தது.

திரௌபதிக்குப் பொறுமை போய்விட்டது. லத்தியால் பிணத்தின் முதுகில் மெதுவாகத் தட்டினாள்.

'டொக்!'

ஆல்வின் திடுக்கிட்டான்.

"மேடம்… விறைச்சுப் போச்சா?"

மறுபடி தட்டினாள். 'டொக்… டொக்…'

குனிந்து கோட்டின் காலரை விலக்கினாள். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரமூடி. அதன்மேல் ஸ்க்ரூ.

"ஆல்வின்…"

"மேடம்?"

"இது ஜவுளிக்கடை பொம்மைய்யா!"

ஊர் மொத்தமும் 'ஹோ' என்று இரைந்தது. வடிவேலு அப்படியே மணலில் விழுந்து பொம்மையின் பூட்ஸைக் கும்பிட்டான். திரௌபதி மட்டும் ஏரியைப் பார்த்தபடி நின்றாள். மூன்று வருடத்து ஏக்கம்!

"தலைவரே! பொணம் இல்ல, பொம்ம! நான் வல எட்த்துனு போவட்டா?"

பச்சைமுத்து தாடையைச் சொறிந்தார்.

"பொம்மைக்கு ஏதுடா தீட்டு? போ, போ!"

வடிவேலு படகை நோக்கி ஓடினான். முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டான். அந்த நேரம் பார்த்து…

ப்ரேக் அடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது!

அதிலிருந்து ஓர் அறுபது வயது மனிதர் பாய்ந்து வந்தார். பொம்மைமேல் விழுந்து கட்டிக்கொண்டார்.

"தாமஸ்…! என்னடா ஆச்சு உனக்கு…!"

-----

காட்டூர் வீரராகவன். நெல் விவசாயி. ஊரார் கோயில் கட்டுவார்கள், பஸ் வாங்குவார்கள். இவர் முப்பது வருடமாக ஒரே ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் சாமான்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். மெட்ராஸில் குதிரைப்படையில் இருந்த தாமஸ் பிக்காட். எங்கே அவன் பொருள் ஏலத்துக்கு வந்தாலும் போய் நிற்பார். வாளுக்கு இரண்டு ஏக்கர் போனது. துப்பாக்கிக்கு தென்னந்தோப்பு. பூட்ஸ், மூக்குப்பொடி டப்பி, சவரக்கத்தி, இரண்டு முடி ஒட்டிய சீப்பு… எல்லாம் சேர்த்து, ஒரு பொம்மைக்கு மாட்டி, வீட்டிலேயே பெரிய அறையை அவனுக்குக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் அந்த அறை வாசலில் நின்று ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் காபி.

காரிலிருந்து நிதானமாக இறங்கினாள் அவர் மனைவி ஹேமாவதி. கணவர் பொம்மையைக் கொஞ்சுவதைப் பார்த்தாள். அவளுக்கு அது புதிதில்லை. நேராகப் போய், வருடக்கணக்காகத் தன் வீட்டு வாசலில் மீன் கூடையை இறக்கும் ருக்குவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி ருக்கு அழறே?"

ருக்கு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

இங்கே திரௌபதி நோட்டை எடுத்தாள்.

"எப்ப சார் காணாமப் போச்சு?"

"ரெண்டு நாளா மீஞ்சூர்ல கல்யாணத்துல இருந்தோம் மேடம். காலையில வந்து பார்த்தா அறை காலி! ஏரியில பூட்ஸ் போட்ட பொணம்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க, ஓடி வந்தோம். இந்த வாளைப் பாருங்க, உப்புத்தண்ணியில ஊறியிருக்கு. படுபாவி, வெயிட்டுக்குக் கட்டியிருக்கான் மேடம்! ரெண்டு ஏக்கரை வெயிட்டுக்குக் கட்டியிருக்கான்!"

தனக்கோடி மெல்ல முன்னால் வந்தான். குரலில் தேன்.

"ஐயா… ஒரு சின்ன சந்தேகம். இந்த கோட்டு… செத்தவன் போட்டதுங்களா?"

வீரராகவன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்ப்! இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதே இல்லை.

"போட்டதாவா? இதைப் போட்டுக்கிட்டுத்தான்யா செத்தான்! இதோ நெஞ்சுல ஓட்டை, குண்டு நுழைஞ்ச இடம். இதோ கறை, அவன் ரத்தம். உலகத்துல யார்கிட்டயும் இல்லாத பொருள்!"

வட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"கேட்டீங்களா தலைவரே?" என்றான் தனக்கோடி. "செத்தவன் ரத்தம் பட்ட துணி. பொணம் இன்னா, பொணத்தோட துணி இன்னா. ரெண்டும் ஒண்ணுதானே?"

பச்சைமுத்து கோட்டின் கறையை எட்டிப் பார்த்தார். பிறகு தண்ணீரில் நின்ற வடிவேலுவைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"கரைக்கு வாடா. தீட்டு."

-----

மாலை மணி மூன்றரை.

வடிவேலு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சூரியனைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தான்.

திரௌபதி தனக்கோடியையே கவனித்தாள். 'இவனுக்கு எதுக்கு இவ்வளவு அக்கறை?'

"வீரராகவன் சார், இந்த ஆளைத் தெரியுமா?"

வீரராகவன் கண்ணைச் சுருக்கினார். மூக்குக் கண்ணாடி போடச் சொன்னால் கோபம் வருகிற வகை.

"கிட்ட வாப்பா… அட, போன வாரம் எங்க வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவன்!"

தனக்கோடி ஓரடி பின்வாங்கினான்.

"வெள்ளையடிச்சா திருடனா? பாடு இல்லாத நாள்ல கூலி வேலைக்குப் போறேன். இன்னா தப்பு?"

திரௌபதி லத்தியைச் சுழற்றியபடி அவன் முன்னால் போய் நின்றாள்.

"நடந்ததை நான் சொல்றேன். வடிவேலு பேரை எடுத்தா அந்த இடத்துக்கு உனக்கு வேண்டியவன் யாரோ வருவான். அதுக்கு ஒரு பொணம் தேவை. நேத்து ராத்திரி, வடிவேலு முறை நடக்கறப்போ, நீ திருட்டுத்தனமா அவன் பாட்டுக்குள்ள படகை விட்டு…"

"ஏய்ய்ய்…!"

தனக்கோடியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"இன்னா வார்த்த சொல்ட்டீங்க மேடம்! யாரப் பாத்து? எங்க நைனா காலத்துலேர்ந்து அட்த்தவன் பாட்டுக்குள்ள எங்க படகு போனது கிடையாது! நானா ராத்திரில பூந்தேன்? நேத்து சாய்ந்தரம் அஞ்சு மணிக்கு, என் முறை முடியறதுக்கு முன்னாடி, என் பாட்டுக்குள்ள, நியாயமா போட்டேன் மேடம்!"

ஏரியில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

தனக்கோடி வாயைப் பொத்திக்கொண்டான். லேட்!

"நியாயமாப் போட்டியா…" திரௌபதி சிரிப்பை அடக்கினாள். "எதுக்குய்யா?"

"என் மருமவன் பேர ஏத்தலாம்னு…" குரல் இறங்கியது. "ஒரு பொணம் வேணும். கொல பண்ண மனசு வர்ல. ஐயா வூட்ல ரெடியா ஒண்ணு நின்னுக்கினு கீது. ஆளு வேற தலையில்லாம கீறானா… யாருன்னு கண்டுபுடிக்க முடியாதுன்னு நெனச்சேன்."

வடிவேலு எழுந்து ஓடி வந்தான்.

"தலைவரே! போட்டது அவன் முறையில! தீட்டு அவனோடது! என்னிய வுட்ருங்க!"

பச்சைமுத்து கண்ணை மூடி, ஊர்க் கட்டுப்பாட்டை மனதுக்குள் புரட்டினார். இருபது வருடத் தலைவர். இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை.

"உயுந்தது அவன் முறையில. கெடந்தது உன் முறையில. அதனால… தீட்டு ரெண்டு பேருக்கும்!"

"அநியாயம் தலைவரே!" என்று வடிவேலுவும் தனக்கோடியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"ஒரே வழிதான் கீது. செத்தவன் பொருள் அத்தினியும் அவனுக்கு வேண்டியவங்க கையால கடல்ல வுடணும். வுட்டுட்டு பால் தெளிச்சா தீட்டு கயிஞ்சிடும். அப்பறம் வல போடலாம்."

எல்லோரும் வீரராகவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் வாளை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

"என்ன பார்க்கறீங்க? முடியாது! முப்பது வருஷம்யா! என் பொண்டாட்டியே கேட்டாக்கூட கொடுக்க மாட்டேன்!"

"ஐயா…" வடிவேலு அவர் காலில் விழுந்தான். "உங்க சிப்பாய் செத்து எம்மாம் வருசம் ஆவுது. நான் உசுரோட கீறேன் ஐயா."

வீரராகவனின் கண்கள் கலங்கின. கல்மனசு இல்லை அவருக்கு. ஆனால் வாளைப் பிடித்த கை தளரவில்லை.

"மன்னிச்சுடுப்பா. என்னால முடியல."

மணி நாலு இருபது.

-----

"அதைக் கடல்ல விட வேண்டாம்!"

எல்லோரும் திரும்பினார்கள். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள் ஹேமாவதி. ருக்குவின் கை இன்னும் அவள் கையில் இருந்தது.

"ஏன்னா, அந்தக் கோட்டு டூப்ளிகேட்."

வீரராகவனுக்குக் காது அடைத்தது.

"ஹேமா…? என்ன உளர்றே?"

"நிஜக் கோட்டைக் கரையான் தின்னு எட்டு வருஷம் ஆச்சுங்க. நீங்க வாரணாசி போயிருந்தீங்களே, அப்போ. உங்ககிட்ட சொன்னா உயிரை விட்டுடுவீங்கன்னு பயம். மீஞ்சூர்ல ஒரு டெய்லர்கிட்ட போட்டோவைக் காட்டி தைச்சு வாங்கினேன். ஓட்டை, ஊதுவத்தியில சுட்டது. கறை, நான் துப்பின வெத்தலைச் சாறு."

"பொய்! கொடு அதை, நான் பார்க்கறேன்!"

அவர் கோட்டை நோக்கிப் பாய்ந்தார். திரௌபதி குறுக்கே லத்தியை நீட்டினாள்.

"கேஸ் ப்ராப்பர்ட்டி. தொடக்கூடாது சார்."

"எட்டு வருஷமா கண்ணாடி போடுங்கன்னு சொல்றேன், கேட்டீங்களா?" என்றாள் ஹேமாவதி. "வெத்தலை எச்சிலுக்குத்தான் தினமும் சல்யூட் அடிச்சிருக்கீங்க."

பச்சைமுத்து தயங்கினார்.

"மேடம், எப்டி நம்பறது?"

ஹேமாவதி திரௌபதியைப் பார்த்தாள். "அந்தக் காலத்துல தையல் மெஷின் ஏது? உள்பக்கம் பிரிச்சுப் பார்த்தா தெரிஞ்சுடும். நீங்களே பாருங்க மேடம்."

திரௌபதி மண்டியிட்டாள். ஈரக் கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பினாள். தையலின்மேல் விரலை ஓட்டினாள். ஒரு தடவை… இரண்டு தடவை…

வடிவேலு மூச்சு விடவில்லை. ருக்கு விடவில்லை. தோணிரேவே விடவில்லை.

கோட்டை மூடிவிட்டு எழுந்தாள்.

"மெஷின் தையல்தான் தலைவரே. செத்தவன் துணி இல்ல."

"அப்ப தீட்டு இல்ல! ரத்தம் படாத வாளுக்கும் பூட்ஸுக்கும் ஏது தீட்டு?" பச்சைமுத்துவின் குரல் கரை முழுக்கக் கேட்டது. "டேய் வடிவேலு! ஓடுடா! ஒரு மணி நேரம்தான் கீது!"

வடிவேலு ஓடவில்லை, பறந்தான். முரளி ஏறுவதற்குள் படகு கிளம்பிவிட்டது. அவன் பாதி தூரம் நீந்தித்தான் ஏறினான்.

"தலைவரே…" தனக்கோடி முகத்தில் திடீர்ப் பிரகாசம். "தீட்டு இல்லைன்னா என் முறையும் சுத்தம்தானே?"

"உன் முறை சுத்தம்யா," என்றாள் திரௌபதி. "நீதான் அழுக்கு. ஜீப்புல ஏறு."

-----

மாலை மணி ஐந்து முப்பத்தைந்து.

சூரியன் ஏரியைத் தொட ஐந்து நிமிடம் இருக்கும்போது வடிவேலுவின் படகு கரை தட்டியது.

படகில் இறால்! கால் வைக்க இடமில்லாமல் இறால்! இரவு அடித்த வாடைக்காற்று இறாலை எல்லாம் அங்கே ஒதுக்கி வைத்திருந்தது. பகல் முழுக்க அங்கே ஒரு வலையும் விழவில்லை அல்லவா, அது அப்படியே காத்துக் கிடந்தது.

"எயுதிக்கோங்க தலைவரே… வடிவேலு!" அவன் நெஞ்சில் குத்திக்கொண்டான். "எம் பேரு வடிவேலு!"

ருக்கு இப்போது சத்தமாகவே அழுதாள். ஊருக்கே நிம்மதியாக இருந்தது.

காரின் பின்சீட்டில் வீரராகவன் துவண்டு கிடந்தார்.

"போதும் ஹேமா. இனிமே எனக்கு ஒண்ணும் வேண்டாம். வாள், துப்பாக்கி எல்லாத்தையும் கட்டிப் பரண்ல போட்டுடலாம். அந்த அறையை நீயே எடுத்துக்கோ."

"சரிங்க. நீங்க கண்ணை மூடிப் படுங்க."

ஹேமாவதி கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். எதிரே திரௌபதி. குரலைத் தாழ்த்தினாள்.

"ஏம்மா… அந்தத் தையல் முழுக்கக் கைத்தையல். ஒரு முழம்கூட மெஷின் ஓடலை."

"தெரியும் மேடம். கரையானும் இல்ல, டெய்லரும் இல்ல. சுத்தமான ஒரிஜினல். ரத்தம்கூட அவனோடதுதான்." ஹேமாவதி படகுப் பக்கம் பார்த்தாள். "ருக்கு அழுது நான் பார்த்ததே இல்லை. அதைவிட, நிஜத்தைச் சொல்லியிருந்தா எங்க வீட்டுக்காரர் சாமான் மொத்தமும் இந்நேரம் கடல்ல போயிருக்கும். ரெண்டு பேரையும் காப்பாத்த வேற வழி தெரியலை. நீங்க ஏன் மேடம் பொய் சொன்னீங்க?"

"காலையில அவன்கிட்ட 'இறால் முக்கியமா'ன்னு கேட்டேன். முக்கியம்தான்," என்றாள் திரௌபதி. "அது சரி, சாரைப் பார்த்தா பாவமா இருக்கு. முப்பது வருஷத்து உயிர். அது ஒரிஜினல்தான்னு அவர்கிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

ஹேமாவதி முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"சொல்லாம இருப்பேனா மேடம்? அந்த ரூம்ல என் கிரைண்டரை இறக்கினதும் சொல்லிடறேன்!"